கதவைப் பார்த்தபடியே உட்காரும் கணவர்

வாசகர் கடிதம்:

டாக்டருக்கு வணக்கம். என் கணவர் 14 ஆண்டுகள் ராணுவத்தில் இருந்தார். அதில் இரண்டு முறை போர்முனைக்குப் போனார். பணி முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. உடம்பில் பெரிய காயம் எதுவும் இல்லை. 'நல்லபடியாக வந்து சேர்ந்தாரே, அதுவே போதும்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர் இன்னும் வந்து சேரவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கே போனாலும் கதவைப் பார்த்தபடிதான் உட்காருவார். இரவில் மூன்று நான்கு முறை எழுந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். விசேஷங்களுக்கு வருவதில்லை. தினமும் இரவு குடிக்கிறார். கூடப் பணியில் இருந்தவர்களிடம் போனில் ஒரு மணி நேரம் பேசிச் சிரிப்பார். போனை வைத்ததும் முகம் இறுகிவிடும். நான்கு மாதத்துக்கு முன் தூக்கத்தில் முனகுகிறாரே என்று தோளைத் தொட்டேன். என் கழுத்தைப் பிடித்துவிட்டார். விழித்ததும் சின்னப் பிள்ளை போல அழுதார். அன்றிலிருந்து ஹாலில்தான் படுக்கிறார்.

என்னால் முடிந்ததெல்லாம் செய்கிறேன். பிள்ளைகளைச் சத்தம் போட விடுவதில்லை. யாராவது அழைத்தால் 'அவருக்கு உடம்பு சரியில்லை' என்று நானே சொல்லிவிடுகிறேன். பள்ளி, வங்கி என்று எந்தப் பிரச்சினையையும் அவர் காதுக்குக் கொண்டுபோவதில்லை. போன வாரம் மகளைப் பள்ளி மாற்றியது தெரிந்து, 'இந்த வீட்டில் நான் யார்?' என்று கத்தினார். அப்புறம் தனியாக உட்கார்ந்து, 'நான் அங்கேயே இருந்திருக்கணும்' என்றார். ஒன்பது வயது மகள், 'அப்பாவுக்கு என்னைப் பிடிக்கலையா?' என்கிறாள். ஐந்து வயது மகன் அப்பா இருக்கும் அறைக்குள் போவதே இல்லை.

என்ன நடந்தது என்று அவரிடம் கேட்கலாமா? பழைய மனிதராக எப்போது ஆவார்? இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்துக்கு எழுத நிறைய இருக்கிறது. ஆனால் அதில் ஒரு வரி காத்திருக்கக் கூடியது இல்லை. 'நான் அங்கேயே இருந்திருக்கணும்' என்று அவர் சொன்ன வரி.

போரிலிருந்து வந்த பலர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று ஏக்கம். அங்கே யார் என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருந்தது, பக்கத்தில் நிற்பவன் தனக்காக உயிரையும் கொடுப்பான் என்ற நிச்சயம் இருந்தது, அது இங்கே இல்லையே என்ற ஏக்கம். இன்னொன்று, 'செத்தவர்களோடு நானும் செத்திருக்க வேண்டும்' என்பது. இரண்டில் எது என்று தூரத்திலிருந்து என்னாலும் சொல்ல முடியாது, பக்கத்திலிருந்து உங்களாலும் ஊகிக்க முடியாது. கேட்டால்தான் தெரியும். பிள்ளைகள் தூங்கிய பிறகு, அவர் குடிக்காமல் இருக்கும் ஒரு நேரத்தில், சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "அன்னைக்கு அப்படிச் சொன்னீங்களே, செத்துப்போகணும்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லாக் குடும்பங்களும் பயப்படுகின்றன. விதைக்காது. இதை ஆராய்ந்து பார்த்தாயிற்று. தனியே சுமந்துகொண்டிருந்ததைப் பற்றி ஒருவராவது கேட்டாரே என்ற ஆறுதல்தான் பெரும்பாலும் வருகிறது.

அவர் 'ஆமாம்' என்று சொன்னால், அல்லது ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டால்கூட, அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அதுவரை தனியாக விடாதீர்கள். உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை இப்போதே போனில் பதிந்துவையுங்கள். வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அவருடைய சம்மதத்தோடு அவர் நம்பும் ஒரு நண்பரிடமோ, சட்டப்படி ஒப்படைக்கக்கூடிய இடத்திலோ கொஞ்ச காலம் இருக்கட்டும். 2006-இல் இஸ்ரேல் ராணுவம், வார இறுதி விடுப்பில் வீட்டுக்குப் போகும் இளம் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று விதியை மாற்றியது. அதன் பிறகு அவர்களிடையே தற்கொலைகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன. வார நாட்களில் எண்ணிக்கை பெரிதாக மாறவில்லை. குறைந்ததெல்லாம் வார இறுதியில்தான். சாக வேண்டும் என்ற வேகம் பல சமயம் சில நிமிடங்களுக்குத்தான் உச்சத்தில் இருக்கும். அந்த நிமிடங்களில் கைக்கு எட்டும் தூரத்தில் ஆயுதம் இல்லாமல் இருந்தாலே பலர் பிழைத்துவிடுகிறார்கள். ராணுவத்தை விட்டு வந்த முதல் ஒன்றிரண்டு வருடங்கள் இந்த ஆபத்து கூடுதலாக இருக்கும் காலம் என்பதால்தான் இதை முதலில் எழுதுகிறேன்.

இனி மற்றவை.

நேரில் பார்க்காத ஒருவருக்கு நோயின் பெயர் சூட்டுவது முறையில்லை. ஆனால் கெட்ட கனவு, திடுக்கிடல், ஓயாத காவல், கூட்டத்தைத் தவிர்ப்பது, நெருங்கியவர்களிடமிருந்து விலகிப்போவது என்று நீங்கள் எழுதியவை எல்லாம் சேர்ந்து பி.டி.எஸ்.டி. என்கிற பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனக் கோளாறைக் காட்டுகின்றன. அந்தப் பெயர் மருத்துவ நூல்களுக்குள் வந்தது 1980-இல்தான். நோய் அதற்கு வெகுகாலம் முந்தியது. 1871-இல் ஜேக்கப் டகோஸ்டா என்ற மருத்துவர், அமெரிக்க உள்நாட்டுப் போரின் வீரர்களிடம் காரணமில்லாத படபடப்பையும் மூச்சுத் திணறலையும் கண்டு அதை இதயக் கோளாறாக எழுதினார். முதல் உலகப் போரில், 1915-இல், பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் சார்லஸ் மையர்ஸ் இது போன்ற பாதிப்பை 'ஷெல் ஷாக்' என்று எழுதினார். குண்டு வெடித்த அதிர்வில் மூளை குலுங்கியதுதான் காரணம் என்று முதலில் நினைத்தார்கள். குண்டு விழாத இடத்தில் இருந்தவர்களுக்கும் அது வந்தபோதுதான் குழம்பினார்கள். கோழை என்றும் நடிப்பு என்றும் பழிசொல்லி எத்தனையோ பேரைத் திருப்பிப் போர்முனைக்கே அனுப்பினார்கள். மார்பில் பட்ட காயத்துக்கு விழுப்புண் என்று தனியாக ஒரு சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது. இந்தக் காயத்துக்கு மட்டும் இன்றும் வீட்டுக்குள் பெயர் இல்லை. நீங்களும் 'உடம்பு சரியில்லை' என்றுதான் சொல்லி அனுப்புகிறீர்கள்.

கதவைப் பார்த்து உட்காருவதையும் பூட்டை இழுத்துப் பார்ப்பதையும் பைத்தியக்காரத்தனமாக எண்ணிவிடாதீர்கள். அவை அவர் கற்றுத் தேர்ந்த வேலை. முதுகைச் சுவருக்குக் கொடுத்து வாசலைப் பார்த்தவர்கள்தான் அங்கே உயிரோடு இருந்தார்கள். சாலையோரக் குப்பையில் கண்ணிவெடி இருக்கலாம் என்று வண்டியை நடுச்சாலையில் ஓட்டியவர்கள்தான் முகாமுக்குத் திரும்பினார்கள். தொட்டு எழுப்பினால் கை முதலில் போகும், கண் பிறகுதான் திறக்கும். அந்த நொடி அவர் பிடித்தது உங்கள் கழுத்தை என்று அவருக்குத் தெரியாது. தெரிந்ததும் அழுதார் பாருங்கள், அந்த அழுகைதான் உங்கள் கணவர். உங்களைக் காப்பாற்றத்தான் ஹாலுக்குப் போனார் என்று நினைக்கிறேன். உங்களைத் தள்ளிவைக்க அல்ல. இதை ஒருநாள் நீங்களே அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இனி தூக்கத்தில் முனகினால் தொடாதீர்கள். கால்மாட்டுப் பக்கம் நான்கைந்து அடி தள்ளி நின்று, மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். விளக்கைப் போடுங்கள். "நான்தான், நாம வீட்டுலதான் இருக்கோம்" என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்: அப்பா தூங்கும்போது மேலே ஏறி விளையாடக் கூடாது, எழுப்ப வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.

கூடவே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தூக்கத்தில் நடந்தது வேறு. விழித்திருக்கும்போது, தெரிந்தே உங்களையோ பிள்ளைகளையோ அடித்தாலோ, பயமுறுத்தினாலோ, அதைப் போரின் கணக்கில் எழுதிப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நோய் ஒரு காரணம் ஆகலாம், அனுமதி ஆகாது. அப்படி ஒரு நாள் வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். சிகிச்சைப் பேச்சை அங்கிருந்தே தொடரலாம்.

அடுத்து நான் எழுதப்போவது உங்களுக்கு வலிக்கலாம். வலிக்கும் என்று தெரிந்தே எழுதுகிறேன். கடிதத்தில் எனக்கு மிகவும் கவலை தந்த பகுதி அவருடைய அறிகுறிகள் இல்லை. 'என்னால் முடிந்ததெல்லாம் செய்கிறேன்' என்று நீங்கள் எழுதிய பகுதி. பிள்ளைகளின் குரலை அடக்கினீர்கள். விருந்தாளிகளைத் தடுத்தீர்கள். பிரச்சினைகளை மறைத்தீர்கள். ஒவ்வொன்றும் அன்பினால் செய்தது. ஆனால் எல்லாம் சேர்ந்து உங்கள் வீட்டை இன்னொரு முகாம் ஆக்கிவிட்டது, அதற்குக் காவல் நிற்பது நீங்கள். அவர் உள்ளே ஒரு குரல் 'இங்கேயும் ஆபத்து இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. சுற்றிலும் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தால், அந்தக் குரல் சொல்வது சரிதான் என்று ஆகிவிடாதா?

பயம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் சிகிச்சை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. ஆபத்து என்று மூளை ஓர் இடத்தை, ஒரு சத்தத்தைக் குறித்துவைத்துவிட்டால், அதைத் தவிர்க்கும்போது உடனே நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதிதான் சிக்கல். 'போகாததால்தான் தப்பித்தோம்' என்று மூளை கணக்குப் போட்டுக்கொள்ளும். போயிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது என்பதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அதற்குக் கிடைப்பதே இல்லை. இந்த மாதம் விசேஷத்தைத் தவிர்த்தவர் அடுத்த மாதம் கடைத்தெருவைத் தவிர்ப்பார், அதற்கடுத்து வாசலை. உலகம் சுருங்கிச் சுருங்கி ஹாலில் ஒரு படுக்கை அளவுக்கு வந்துவிடும். சுருங்குவதற்குக் குடும்பமே பாசத்தோடு உதவி செய்யும். நான் பார்த்த குடும்பங்களில் பாதிக்கு மேல் இந்த இடத்தில்தான் சிக்கியிருந்தன, உங்களைப் போல நல்ல மனம் கொண்டவர்களால்தான்.

இதை அவிழ்க்க வேண்டும். நாளைக்கே எல்லாவற்றையும் தலைகீழாக்கி அல்ல. அவருக்குத் தெரியாமலும் அல்ல. மகள் சிரித்தால் சிரிக்கட்டும், வாயை மூடாதீர்கள். கூச்சல் அதிகமாகி அவருக்குத் தாங்கவில்லை என்றால், அவர் எழுந்து பத்து நிமிடம் வெளியே போய்விட்டு வருவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அப்போது சமாளிக்கும் பொறுப்பு பிள்ளைகளிடமிருந்து அவர் கைக்கு மாறுகிறது. அவருக்கும் அதுதான் கௌரவம். இரவுப் பூட்டை இருவரும் சேர்ந்து ஒருமுறை பாருங்கள், 'பார்த்தாச்சு' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள். நான்கு முறை மூன்றாகட்டும், பிறகு இரண்டாகட்டும். அவசரம் இல்லை. அழைப்பு வந்தால் நீங்கள் பதில் சொல்லாதீர்கள். "கூப்பிடுறாங்க, என்ன சொல்லட்டும்?" என்று அவரிடமே கேளுங்கள். போவதாக இருந்தால் கூட்டம் சேரும் முன்பே போங்கள். கதவுக்குப் பக்கம் இடம் பிடித்துக்கொள்ளட்டும், இருபது நிமிடம் இருந்துவிட்டுக் கிளம்புங்கள். நேரத்தை முன்பே பேசி முடிவு செய்வது முக்கியம். எப்போது கிளம்புவது என்பதை நீங்கள் இருவரும் தீர்மானிக்க வேண்டும், பயம் தீர்மானிக்கக் கூடாது.

என்ன நடந்தது என்று கேட்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தோண்டித் துருவி, எல்லாவற்றையும் ஒரே இரவில் கொட்டவைக்க முயல வேண்டாம். கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்று வெகுகாலம் மருத்துவர்களே நம்பினார்கள். பேரதிர்ச்சி நேர்ந்த உடனே ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைக்கும் முறை பல நாடுகளில் நடைமுறையில் இருந்தது. பின்னர் ஆராய்ந்து பார்த்தபோது அது இந்த நோயைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. சிலருக்கு நிலைமை மோசமானது. அந்த நினைவுகளுக்குள் போகும் வேலை, வழி தெரிந்த ஒரு சிகிச்சையாளரோடு, திட்டமிட்டு, கட்டம் கட்டமாக நடக்க வேண்டும்.

அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கவும் வேண்டாம். அவரே ஏதாவது சொல்லத் தொடங்கினால் கையிலிருக்கும் வேலையை வைத்துவிட்டு உட்காருங்கள். 'அதெல்லாம் மறந்துடுங்க' என்று சொல்லாதீர்கள். 'நீங்க கடமையைத்தானே செஞ்சீங்க' என்றும் அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். நல்ல எண்ணத்தில் சொல்லப்படும் இந்த இரண்டாவது வாக்கியம் பல வீரர்களின் வாயைப் பூட்டியிருக்கிறது. ஏனென்றால், அவர்களை உள்ளே அரிப்பது சில சமயம் பயமே இல்லை, குற்ற உணர்வு. செய்தது, செய்யத் தவறியது, கண்முன் நடந்தும் தடுக்க முடியாமல் போனது. அமெரிக்காவின் பாஸ்டனில் வியட்நாம் போர் வீரர்களுக்குப் பல ஆண்டுகள் சிகிச்சை அளித்த ஜோனதன் ஷே இதை மனசாட்சியில் பட்ட காயமாகப் பார்த்தார். 2009-இல் உளவியலாளர் பிரெட் லிட்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும் இதைத் தனியாக விளக்கி எழுதினார்கள். பயத்துக்கு 'இப்போது ஆபத்தில்லை' என்பது மருந்தாகும். மனசாட்சிக்கு அது ஒரு பதிலே இல்லை. அங்கே தேவைப்படுவது, சொன்னதைக் கேட்டு முகம் சுளிக்காத ஓர் ஆள். உங்களால் கேட்கவே முடியாத ஒன்றாக இருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். "இதை முழுசாத் தாங்க எனக்குத் தெம்பு இருக்கான்னு தெரியலை, ஆனா நான் எங்கேயும் போகலை" என்று சொல்லலாம்.

நண்பர்களோடு போனில் சிரிக்கிறாரே என்று உங்களுக்கு மனம் கசக்கிறது, கடிதத்தில் அது தெரிகிறது. கசக்காமல் இருக்குமா? ஆனால் அந்தப் போனைப் பறித்துவிடாதீர்கள். அவர்களிடம் அவர் எதையும் விளக்க வேண்டியதில்லை. போர்முனையில் இருந்த மாதங்களில் அவரோடு தூங்கி, எழுந்து, அழுதவர்கள் அவர்கள். இரண்டாம் உலகப் போரில் பலர் கப்பலில் வாரக்கணக்கில், தங்கள் தோழர்களோடு ஒன்றாக ஊர் திரும்பினார்கள். பேசித் தீர்க்க அந்த நாட்கள் கிடைத்தன. வியட்நாமில் ஒவ்வொருவரும் தன் ஓராண்டுக் கணக்கு முடிந்ததும் தனியாக விமானம் ஏறி, ஓரிரு நாளில் வீட்டுக் கூடத்தில் நின்றார்கள். இந்த வேறுபாடு படுத்திய பாட்டைப் பார்த்த பிறகுதான், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவர்களைப் பிரிட்டன் நேரே வீட்டுக்கு அனுப்பாமல் சைப்ரஸ் தீவில் ஓரிரு நாள் தங்கவைத்து அனுப்பியது. உங்கள் கணவரின் பிரிவில் சிகிச்சை எடுத்துக்கொண்ட யாராவது இருந்தால், அவர் சொல்லும் ஒரு வார்த்தை நான் எழுதும் பத்துப் பக்கத்துக்குச் சமம். அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், இவர்களைச் சிகிச்சைக்கு வரவைப்பதுதான் இருப்பதிலேயே கடினமான வேலை. ஈராக்கிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் திரும்பிய அமெரிக்க வீரர்களைப் பற்றி 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், மனநலக் கோளாறுக்கான அறிகுறிகள் தெளிவாக இருந்தவர்களிலேயே 23 முதல் 40 சதவீதம் பேர்தான் உதவி தேடியிருந்தார்கள். 'என்னைப் பலவீனமானவன் என்று நினைப்பார்கள்' என்ற பயம் அதே மக்களிடையே மூன்றில் இரண்டு பங்கினருக்கு இருந்தது. ஆகவே, 'உங்களுக்கு மனநோய், வாங்க டாக்டரிடம்' என்று தொடங்கினால் கதவு மூடிக்கொள்ளும். தூக்கத்தில் தொடங்குங்கள். 'சரியாத் தூங்கி ஒரு வருஷமாச்சு, அதுக்காவது பார்க்கலாம்' என்பதை எந்தப் பட்டாளத்துக்காரரும் அவமானமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

மருத்துவர் முன் உட்கார்ந்ததும், அருகில் குண்டு வெடித்த அனுபவம் உண்டா, அதில் நினைவு தப்பியதா, தலைவலி, மறதி, காது இரைச்சல் இருக்கிறதா என்பதையும் சொல்ல வேண்டும். வெடிப்பின் அதிர்வு வெளியே காயமில்லாமல் மூளையைப் பாதிக்கும். எரிச்சலும் தூக்கக் கேடும் அதனாலும் வரலாம். 'உடம்பில் பெரிய காயம் எதுவும் இல்லை' என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் மனதில் எழுந்த முதல் கேள்வி இது.

இந்த நோய்க்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. இதை நம்பிக்கையூட்டுவதற்காகச் சொல்லவில்லை, இருக்கிறது. உளவியலாளர் எட்னா ஃபோவா உருவாக்கிய முறையில், பயப்படும் நினைவையும் தவிர்க்கும் இடங்களையும் படிப்படியாக எதிர்கொள்ள வைப்பார்கள்; 8 முதல் 15 அமர்வுகள் வரை ஆகும். பட்ரீசியா ரெசிக்கின் முறை சுமார் 12 அமர்வுகள். 'எல்லாம் என்னால்தான்', 'யாரையும் நம்ப முடியாது' என்று இறுகிப்போன எண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து உரசிப் பார்ப்பது. குற்ற உணர்வு அதிகம் உள்ளவர்களுக்கு நான் பெரும்பாலும் இதைத்தான் முதலில் யோசிப்பேன். கண்ணசைவுகளைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். என்ற முறையும் உண்டு. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்காரும் சிகிச்சை ஒன்றையும் கேண்டிஸ் மான்சன் என்பவர் உருவாக்கினார். 2012-இல் வெளியான சோதனையில் நோயும் குறைந்தது, தாம்பத்தியமும் தேறியது. உங்கள் வீட்டு நிலைமைக்கு அது பொருந்தும். கிடைக்கும் இடம் இருந்தால் கேட்டுப் பாருங்கள். சிகிச்சையின் முதல் சில வாரங்களில் கனவும் எரிச்சலும் கொஞ்சம் கூடலாம். அப்போது பலர் நின்றுவிடுகிறார்கள். நீங்கள் அவருக்குத் துணையாக உறுதியாக நிற்க வேண்டிய வாரங்கள் அவை.

மாத்திரைகளில் செர்ட்ரலின், பராக்ஸிடின், வென்லாஃபாக்சின் ஆகியவை பலருக்கு உதவுகின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தூங்கவைக்க யாராவது டயஸிபாம், அல்ப்ரஸோலம் போன்றவற்றை மாதக்கணக்கில் எழுதிக் கொடுத்தால் நின்று கேள்வி கேளுங்கள். இந்த நோய்க்கு அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் அமெரிக்க வீரர்நலத் துறையின் வழிகாட்டுதல். பழக்கமாகிவிடும், மதுவோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும்.

மதுவைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். அவர் தூங்குவதற்காகக் குடிக்கிறார். முதல் பாதி இரவுக்கு அது வேலை செய்யும். கனவுகள் வரும் தூக்கத்தை அது முதலில் அமுக்கிவைக்கும், பிறகு விடியற்காலையில் சேர்த்துவைத்துத் திருப்பித் தரும். அவர் முனகும் நேரம் எது என்று கவனியுங்கள். ஆனால் தினமும் நிறையக் குடிப்பவராக இருந்தால் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லாதீர்கள். வலிப்பு வரைக்கும் போகலாம். மருத்துவரிடம் அளவை மறைக்காமல் சொல்லி, அவர் கண்காணிப்பில் குறைக்க வேண்டும். குடியை விட்ட பிறகுதான் மற்ற சிகிச்சை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

'இந்த வீட்டில் நான் யார்?' என்ற கத்தலுக்கு வருகிறேன். அது நியாயமான கேள்வி. கத்தியது தவறு, கேள்வி தவறில்லை. 14 வருடம் நீங்கள் தனியாகக் குடும்பத்தை இழுத்து நிறுத்தினீர்கள். அதில் உங்களுக்குப் பெருமை உண்டு, இருக்க வேண்டும். அவர் திரும்பி வந்தபோது எல்லா இருக்கையிலும் நீங்களே இருந்தீர்கள். அங்கே பலரின் உயிருக்குப் பொறுப்பாக இருந்தவருக்கு இங்கே ஒரு பில் கட்டும் பொறுப்புகூட இல்லை. பிரச்சினையை அவர் காதுக்குக் கொண்டுபோகாமல் இருப்பது இரக்கம் என்று நினைத்தீர்கள். அது அவர் காதில் 'நீங்கள் தேவையில்லை' என்று விழுந்திருக்கிறது. ஏதாவது ஒன்றை முழுசாக அவரிடம் கொடுங்கள். மகளைப் பள்ளியில் விட்டு வருவது, வீட்டுக் கணக்கு, எதுவாகவும் இருக்கட்டும். கொடுத்த பிறகு பின்னால் நின்று சரிபார்க்காதீர்கள். ஒரு மாதம் தப்பாகத்தான் நடக்கும். நடக்கட்டும்.

மகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், இந்த வாரமே. பிள்ளைகள் காரணம் தெரியாத இடத்தில் தங்களையே காரணமாக வைத்துக்கொள்வார்கள். அவளிடம் இப்படிச் சொல்லலாம்: "அப்பா ரொம்ப நாள் ஆபத்தான இடத்துல இருந்தார். அங்க எப்பவும் உஷாரா இருக்கணும். இப்ப ஆபத்து இல்லன்னு அவர் மூளைக்கு இன்னும் முழுசாப் புரியல, அதான் சட்டுனு கோபம் வருது. நீ எதுவும் செய்யல. அதைச் சரிபண்ண வேண்டியது பெரியவங்க வேலை, உன் வேலை இல்ல." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஒன்பது வயதில் அப்பாவைக் குணப்படுத்தும் பொறுப்பைத் தலையில் ஏற்றிக்கொள்ளும் பெண் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மகனுக்குப் பேச்சு வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் அவரும் அவனும் சேர்ந்து ஏதாவது ஒன்றைச் செய்யட்டும், நீங்களும் அதே அறையில் இருங்கள். கட்டைகளை அடுக்கலாம், படம் வரையலாம். அவனாகவே நெருங்கி உட்காரும் நாள் வரும் வரை இழுத்து உட்காரவைக்க வேண்டாம்.

பழைய மனிதராக எப்போது ஆவார் என்று கேட்டீர்கள். உண்மையைச் சொல்ல வேண்டும் அல்லவா? கனவுகள் அடங்கும், திடுக்கிடல் குறையும், விசேஷத்துக்கு வருவார், சிரிப்பார். இவையெல்லாம் நடந்து பார்த்திருக்கிறேன். வியட்நாம் போர் வீரர்களிடம் 1980-களில் எடுத்த பெரிய ஆய்வில், ஆண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இந்த நோய் வந்திருந்தது. ஆய்வு நடந்த நேரத்தில் அது இருந்தவர்கள் சுமார் 15 சதவீதம். வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் மீண்டிருந்தார்கள். மீதிப் பேரிடம், போர் முடிந்து பத்தாண்டுக்கு மேல் ஆன பிறகும், அது தானாகப் போய்விடவில்லை. இதில் இரண்டு செய்தியும் உங்களுக்குத் தேவை. ஆனால் பதினைந்து வருடத்துக்கு முன் பட்டாளத்துக்குப் புறப்பட்டுப் போன அந்த இளைஞர் வர மாட்டார். வழியனுப்பி நின்ற அந்தப் பெண்ணும் இப்போது இல்லையே. நீங்கள் இருவரும் மாறியிருக்கிறீர்கள், ஒருவர் மாறியதை மற்றவர் பார்க்காமலே. பழையவருக்காகக் காத்திருந்தால் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்க்காமல் விட்டுவிடுவீர்கள். அவரிடம் சின்னச் சின்னதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இப்போது எந்த நேரம் அவருக்குப் பிடித்த நேரம், எந்தச் சத்தம் தாங்கவில்லை, எந்தச் சத்தம் பிடித்திருக்கிறது.

உங்களுக்கென்றும் ஒருவர் வேண்டும். அக்காவோ, தோழியோ, ஓர் ஆலோசகரோ. இந்தக் கடிதத்தில் உங்கள் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. நான்கு மாதமாக நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள்? மருத்துவரிடம் போகும்போது அதையும் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தை எழுதியது அவருக்குத் தெரியாது என்று முடித்திருந்தீர்கள். தெரியட்டும். மறைக்கும் விஷயங்கள் அந்த வீட்டில் ஏற்கெனவே போதும். "நம்மைப் பத்தி ஒரு டாக்டருக்கு எழுதினேன், பதில் வந்திருக்கு, படிக்கணும்னு தோணினா படிங்க" என்று சொல்லி, அவர் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிடுங்கள். கோபப்படலாம். ஒரு வாரம் தொடாமல் இருக்கலாம். பூட்டைப் பார்க்க எழுந்த ஏதோ ஓர் இரவில் விளக்கைப் போட்டுப் படிப்பார் என்று நினைக்கிறேன். மறுநாள் காலையில் படித்தீர்களா என்று கேட்க வேண்டாம். அவராகப் பேச்சை எடுத்தால், மருத்துவரிடம் நேரம் வாங்கும் போனை அவரையே செய்யச் சொல்லுங்கள். அன்று கூடவே போய், உள்ளே வரட்டுமா, வெளியே உட்காரட்டுமா என்று அவரிடமே கேளுங்கள்.